ஓர்மம் என்றொரு பெயர்



புலவர்களைப் பற்றியும் நாவலாசிரியர்களைப் பற்றியும் நாடகக்காரரைப் பற்றியும் இந்தத் தொடரிலே பலர் பேசக் கேட்டிருப்பீர்கள். இன்று நான் ஒரு குத்துச்சண்டை வீரரைப் பற்றிப் பேச வந்திருக்கின்றேன். இலக்கிய நிகழ்ச்சியிலே குத்துச்சண்டைக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். தமிழ் படிப்பிக்கும் ஓர் ஆசிரியனுக்கு இது வேண்டாத வேலை என்றும் சிலர் நினைக்கலாம். ஆனால் தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் ஆறாவது இயலாகிய மெய்ப்பாட்டியலை மாணவருக்குக் கற்பிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த மனிதருடைய நினைவே வருகின்றது. அதற்கான காரணத்தைப் பேச்சின் முடிவிலே சொல்வேன். அதுவரை சற்றுப் பொறுமையோடு கேட்குமாறு வேண்டிக்கொள்கின்றேன்.

எனக்கு ஏழெட்டு வயதாயிருந்த காலத்தில் எங்கள் வீட்டிலே தொலைக்காட்சிப் பெட்டி இல்லை. அயல்வீட்டு மாமியின் வீட்டிலே ஒன்று இருந்தது. அங்கேதான் 'ஒஷின்' பார்த்தோம். நமது ரூபவாஹினி 1982ஆம் ஆண்டிலே ஜப்பானிய அரசாங்கத்தின் நன்கொடையால் எழுந்த நிலையம் என்பதை நீங்கள் அறிவீர்கள். அந்த நாட்டிலிருந்து வந்த கதையும் அதே வழியாக நம் வீடுகளுக்குள் புகுந்தது. ஏழைக் கமக்காரனின் மகளாகப் பிறந்து, அரிசி மூட்டைக்கு ஈடாக வேலைக்காரியாய் அனுப்பப்பட்ட சிறுமி ஒஷினுக்காக எங்கள் ஒழுங்கையிலே அழாத பெண்கள் இல்லை எனலாம்.

அந்தக் கதையிலே கென் என்றொரு பாத்திரம் வரும். டோக்கியோவின் தெருக்களிலும் திருவிழாக்களிலும் கடை போடும் சிறுவியாபாரிகளுக்குத் தலைவன் அவன். நம் ஊர்க் கோயில் வீதியிலே திருவிழாக் காலத்தில் வளையற்கடையும் கச்சான் கடையும் எந்த இடத்தில் எவர் போடுவது என்று தீர்த்துவைக்கும் ஆளை நினைத்துக்கொள்ளுங்கள், ஏறத்தாழ அத்தகையவன். முரட்டு முகம், தடித்த கழுத்து, கரகரத்த குரல். ஆனால் கணவன் வீட்டுக் கொடுமையிலிருந்து தப்பிப் பிள்ளையோடு டோக்கியோவுக்குத் திரும்பிய ஒஷின் தெருவோரத்திலே மாப்பண்டம் சுட்டு விற்க முனைந்தபோது, அவளுக்குப் பக்கத்திலே அரணாக நின்றவன் அவனே. அவள்மீது அவனுக்கு அன்பு இருந்தது. அதனை அவன் வாயால் சொல்ல மாட்டான். முகம் மட்டும் சொல்லிவிடும்.

அந்த முகத்துக்குரியவர் நடிப்புப் பள்ளி எதிலும் பயின்று வந்தவர் அல்லர் என்பதும், குத்துச்சண்டையில் உலகப் பட்டம் வென்றவர் என்பதும் வளர்ந்து ஆசிரியனான பிறகே எனக்குத் தெரியவந்தது. அவர் பெயர் கட்ஸ் இஷிமட்சு.

இயற்பெயர் சுசுகி யூஜி. 1949ஆம் ஆண்டு ஜூன் மாதம் 5ஆந் திகதி, டோக்கியோவுக்கு வடக்கே டொச்சிகி மாகாணத்தில், அவானோ என்னும் ஊரிலே வறிய குடும்பமொன்றிற் பிறந்தார். போரிலே தோற்று நான்கு ஆண்டுகளே ஆகியிருந்த ஜப்பான் அது. கனிஷ்ட இடைநிலைப் பள்ளியை முடித்த கையோடு கிராமத்துப் பிள்ளைகள் கூட்டங்கூட்டமாகப் புகையிரதம் ஏறித் தலைநகருக்கு வேலைக்குப் போன காலம். மலிவான கூலிக்குக் கிடைத்த அந்தப் பதினைந்து வயதுப் பிள்ளைகளைப் 'பொன்முட்டைகள்' என்று நகரத்து முதலாளிமார் அழைத்தனர். முட்டைக்குப் பொன் என்று பெயர் வைத்தால் அதனை உடைப்பது சுலபம் போலும். இவரும் அப்படியே டோக்கியோவுக்கு வந்தார். ஒரு தொழிலிலே நிலைக்காமல் பல தொழில் மாறினார். யொனெகுரா என்பவரின் குத்துச்சண்டைப் பயிற்சிக்கூடத்திலே சேர்ந்து, 1966ஆம் ஆண்டிலே தொழில்முறை வீரரானார்.

இங்கே பெயர்களைப் பற்றிச் சற்றுச் சொல்லவேண்டும். சுசுகி என்பது ஜப்பானிலே மிகச் சாதாரணமான குடும்பப் பெயர். மேடைக்கு அது போதாது. ஆகவே அவருக்கு 'இஷிமட்சு' என்று பெயர் சூட்டினர். 19ஆம் நூற்றாண்டிலே வாழ்ந்த ஷிமிசு ஜிரோச்சோ என்னும் சூதாட்டத் தலைவனின் அடியாளாகக் கதைகளிலே வருபவன் மோரி ஊர் இஷிமட்சு. நமது வில்லுப்பாட்டைப் போல இசையுங் கதையுமாகச் சொல்லப்படும் 'நனிவபுஷி' என்ற கலைவடிவத்தினாலும், அதனை ஒலிபரப்பிய வானொலியினாலும் அவன் வீடுதோறும் அறியப்பட்டவன். ஒற்றைக் கண்ணன், முன்கோபி, நேர்மையானவன், ஆனால் மடையன். நம் ஊரிலே ஒரு பிள்ளைக்கு 'மட்டி' என்று பட்டப்பெயர் வைத்து, கூடவே 'நல்லவன்' என்றுஞ் சொல்வது போன்றது அந்தப் பெயர்.

'கட்ஸ்' என்ற முன்னொட்டு பின்னால் வந்தது. இது ஜப்பானியர் ஆங்கிலத்திலிருந்து எடுத்துக்கொண்ட சொல். குடல் என்று பொருள்படும் அச்சொல் மனத்திண்மையையுங் குறிக்கும். எங்கள் பேச்சு வழக்கிலே இதற்கு அருமையான சொல் ஒன்று உண்டு. 'ஓர்மம்' என்போம். "அவன் ஓர்மக்காரன்" என்றால் விழுந்தாலும் எழும்புவான் என்று பொருள். அப்படியானால் இந்த வீரரிடம் ஓர்மம் மிகுந்திருந்ததனால் அந்தப் பெயர் வந்ததோ என்றால், அதுதான் இல்லை. அடி பட்டதும் மனந்தளர்ந்து, சண்டையை நடுவழியிலே விட்டுவிடுபவர் என்றே அவரைப் பற்றிப் பேச்சு இருந்தது. இல்லாத ஓர்மம் பெயரைக் கொண்டாவது வரட்டும் என்றுதான் வைத்தார்களாம். பிள்ளையில்லாதவர் பிள்ளைப்பேறு வேண்டித் தொட்டில் கட்டுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவருடைய தோல்விகளைச் சற்றுப் பார்ப்போம். 1970ஆம் ஆண்டிலே பனாமா நாட்டுக்குப் போய் இஸ்மாயேல் லகுனா என்ற உலக வீரரோடு மோதி 13ஆவது சுற்றிலே தோற்றார். 1973 செப்டெம்பரிலே மீண்டும் பனாமாவுக்குப் போனார். இம்முறை எதிரி ரொபேர்ட்டோ டுரான். இலகு எடைப் பிரிவிலே உலகங் கண்ட தலைசிறந்த வீரர்களில் ஒருவர் எனப் போற்றப்படுபவர். 10ஆவது சுற்றிலே சண்டை நிறுத்தப்பட்டது. இவற்றுக்கு முன்னும் இடையிலும் உள்ளூரிலே பல தோல்விகள். உலகப் பட்டத்துக்கான மூன்றாவது வாய்ப்பு 1974ஆம் ஆண்டிலே கிடைத்தபோது அவருடைய கணக்கிலே பத்துக்கும் மேற்பட்ட தோல்விகள் இருந்தன. அத்தனை தோல்வி சுமந்த ஒருவர் வெல்வார் என்று எதிர்பார்ப்பதற்கு நியாயம் அதிகம் இருக்கவில்லை.

இன்னொன்றையும் நினைவிற்கொள்ள வேண்டும். ஜப்பானியர் அதற்கு முன்னரும் உலகப் பட்டங்களை வென்றிருந்தனர். 1952ஆம் ஆண்டிலே ஷிராய் யொஷியோ முதற் பட்டத்தை வென்றார். அறுபதுகளிலே 'ஃபைட்டிங்' ஹராடா இரு எடைப் பிரிவுகளிலே வென்றார். ஆனால் அவை சிறிய உடம்புக்காரருக்குரிய பிரிவுகள். 135 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 61 கிலோ எல்லையுடைய இலகு எடைப் பிரிவு அமெரிக்கர், ஐரோப்பியர், இலத்தீன் அமெரிக்கர் ஆகியோரின் ஆடுகளமாகவே இருந்துவந்தது. அங்கே ஆசியர் எவரும் அதுவரை உலகப் பட்டம் பெற்றதில்லை.

1974 ஏப்ரல் 11ஆந் திகதி, டோக்கியோ. எதிரி மெக்சிக்கோவைச் சேர்ந்த ரொடோல்போ கொன்சலெஸ். உலகக் குத்துச்சண்டைப் பேரவையின் பட்டத்தைக் கையில் வைத்திருந்தவர். எட்டாவது சுற்றிலே இஷிமட்சுவின் வலக்கை பேசியது. எங்கிருந்து வருகின்றது என்று தெரியாமல் வந்து விழுந்ததனால் 'மாய வலக்கை' என்று ஜப்பானியர் பின்னாளிலே பெயரிட்ட குத்து அது. கொன்சலெஸ் விழுந்தார், எழுந்து தொடர முடியவில்லை. நடுவழியிலே விட்டுவிடுபவர் என்று பெயரெடுத்தவர், இலகு எடைப் பிரிவின் முதல் ஆசிய உலக வீரரானார்.

அப்போது அவர் இரு கைகளையும் முட்டி மடக்கி உயர்த்தி நின்ற கோலம் படங்களிலே வெளிவந்தது. வெற்றிக் களிப்பிலே கையை உயர்த்துவதை ஜப்பானியர் இன்றைக்கும் 'கட்ஸ் போஸ்' என்கின்றனர். அகராதிகளிலும் ஏறிவிட்ட சொல் அது. ஏப்ரல் 11ஆந் திகதியை அந்தக் கோலத்துக்குரிய நாளாகவே குறிக்கும் வழக்கமும் உண்டு. அந்தச் சொல் அவருக்குச் சற்று முன்னரே வழக்கில் இருந்தது என்பாரும் உளர். இருக்கட்டும். ஒரு சொல்லை முதலிற் கண்டவருக்கும் அதற்கு உடம்பு கொடுத்தவருக்கும் வேறுபாடு உண்டல்லவா? ஜப்பானியர் மனத்திலே அந்தச் சொல்லின் உடம்பு இவருடைய உடம்புதான்.

பட்டத்தை ஐந்து முறை காத்தார். அதே 1974ஆம் ஆண்டிலே கொன்சலெஸை மீண்டும் வீழ்த்தினார். 1975 பெப்ரவரியிலே ஸ்கொட்லாந்தின் முன்னாள் உலக வீரர் கென் புக்கானனோடு டோக்கியோவிலே 15 சுற்றுகளும் நின்று புள்ளிகளால் வென்றார். பத்தாவது சுற்றிலே முடிந்துபோனவர் என்று சொல்லப்பட்டவர், நல்ல வீரரொருவரின் முன்னால் பதினைந்து சுற்றும் நின்றார் என்பதை நான் கொன்சலெஸ் வெற்றியைவிடப் பெரிதாக நினைக்கின்றேன். ஒரே ஒரு குத்தினாலே வெல்வதற்கு அதிர்ஷ்டமுந் துணைசெய்யலாம். பதினைந்து சுற்று நிற்பதற்கு ஓர்மம் ஒன்றே வேண்டும். 1976 மே மாதத்திலே போர்ட்டோ ரிக்கோவிலே எஸ்தெபான் டி ஹெசூஸிடம் பட்டத்தை இழந்தார். அடுத்த ஆண்டிலே ஒரு படி மேலான எடைப் பிரிவிலே தாய்லாந்தின் சென்சாக் முவாங்சுரினை எதிர்த்துத் தோற்றார். 1978ஆம் ஆண்டிலே கையுறையைக் கழற்றினார். மொத்தம் 51 சண்டைகள். வெற்றி 31, தோல்வி 14, சமநிலை 6.

கழற்றிய பின் என்ன செய்வது? இருபத்தொன்பது வயது. படிப்பு குறைவு. கையிலே இருந்த ஒரே தொழில் முடிந்துவிட்டது. உலகெங்கும் குத்துச்சண்டை வீரரை எதிர்கொள்ளும் கேள்வி இது. இவர் நடிக்கப் போனார்.

1981 ஒக்டோபரிலே தொடங்கிய 'வடநாட்டிலிருந்து' என்ற தொலைக்காட்சித் தொடரிலே ஹொக்கைடோ தீவின் ஃபுரானோ ஊர்க்காரருள் ஒருவராகத் தோன்றினார். குரமொட்டோ சோ எழுதிய அந்தத் தொடர் ஜப்பானியத் தொலைக்காட்சி வரலாற்றிலே தனியிடம் பெற்றது. அடுத்து 1983 ஏப்ரலிலே 'ஒஷின்' தொடங்கியது. ஹஷிடா சுகாகோ என்ற அம்மையார் எழுதியது. காலை வேளையிலே கால்மணி நேரமாக 297 அங்கங்கள் ஒளிபரப்பானது. சராசரியாக நூற்றுக்கு 52.6 வீதமான வீடுகளிலே அதனைப் பார்த்தனர். ஜப்பானியத் தொலைக்காட்சி நாடகங்களிலே அதற்கு இணையாக வேறொன்றைச் சொல்வதற்கில்லை. பின்பு அது அறுபதுக்கு மேற்பட்ட நாடுகளுக்குப் பயணம் போயிற்று. அவ்வாறு வந்த பயணத்திலேதான் கென் எங்கள் ஒழுங்கைக்கும் வந்தான்.

பெரிய திரையும் அவரை அழைத்தது. ஸ்டீவன் ஸ்பீல்பேர்க்கின் 'எம்பயர் ஒஃப் த சன்' படத்திலே 1987ஆம் ஆண்டிலும், ரிட்லி ஸ்கொட்டின் 'பிளக் ரெயின்' படத்திலே 1989ஆம் ஆண்டிலும் நடித்தார். 1990ஆம் ஆண்டிலே தாமே ஒரு படத்தை நெறிப்படுத்தினார். எனினும் அவரை வீட்டு மனிதராக்கியது தொலைக்காட்சியே.

இங்கேதான் என் மெய்ப்பாட்டியலுக்கு வருகின்றேன். மெய்ப்பாடு என்றால் என்ன? உள்ளத்திலே நிகழ்வது உடம்பிலே புலப்படுவது. மெய் என்ற சொல்லுக்கு உடம்பு என்றும் பொருள், உண்மை என்றும் பொருள். குத்துச்சண்டை வீரனின் பயிற்சி இந்த மெய்ப்பாட்டை அடக்கும் பயிற்சி. விலாவிலே அடி விழுந்தால் வலி முகத்திலே தெரியக்கூடாது. தெரிந்தால் எதிரி அதே இடத்திலே மீண்டும் குத்துவான். அச்சத்தையும் அழுகையையும் தோலுக்குள்ளே பூட்டி வைத்திருப்பவனே நல்ல வீரன். நடிகனின் தொழிலோ இதற்கு நேர்மாறு. உள்ளே இருப்பதைத் தோலுக்கு வெளியே கொண்டுவருவதே அவன் வேலை.

இஷிமட்சுவின் குறை என்னவென்று முன்னர் பார்த்தோம். வலித்தால் அவருக்குத் தெரியும். தெரிந்தது வெளியே தெரிந்தும் விடும். மனந்தளர்ந்தால் உடம்பும் தளர்ந்துவிடும். மேடையிலே அது குறை. ஆனால் அதே குணம் திரையிலே முதலாயிற்று. 'ஒஷின்' பார்த்த ஒருவர் கெனின் முகத்தை நினைத்துப் பாருங்கள். வாய் முரட்டுத்தனமாகப் பேச, கண் வேறொன்று சொல்லும். மறைக்கத் தெரியாத மனிதனின் முகம் அது. ஒருவருடைய குறை என்று நாம் எழுதிவைப்பது வேறோர் இடத்திலே அவருடைய கொடையாக இருக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

எல்லோருக்கும் இந்த வழி இலகுவாகத் திறந்துவிடவில்லை என்பதையுஞ் சொல்லவேண்டும். அதே ஜப்பானிலே அகாய் ஹிடெகசு என்றொருவர், ஒசாக்காவிலே 1959ஆம் ஆண்டு பிறந்தவர். தொடக்கத்திலேயே அடுத்தடுத்துப் பன்னிரண்டு பேரை வீழ்த்தி நகரத்தின் செல்லப்பிள்ளையானவர். 1985 பெப்ரவரியிலே ஒரு சண்டையிலே விழுந்தார். மூளையின் மேலே இரத்தம் கசிந்து உறைந்தது. சத்திரசிகிச்சை செய்து உயிரை மீட்டனர். குத்துச்சண்டை அன்றோடு முடிந்தது. நான்கு ஆண்டுகள் கழித்துத் தம் வாழ்வைத் தழுவிய திரைப்படமொன்றிலே தாமே நாயகனாக நடித்து, பின் தொலைக்காட்சியிலே நிலைத்தார். தாம் விழுந்த கதையைத் தாமே நடிப்பதென்றால், அந்த உடம்பு அந்த வலியை இன்னொரு முறை அழைக்கவேண்டும் அல்லவா? இவ்விருவரையும் ஒருங்கே வைத்துப் பார்க்கும்போது, அந்தத் தொழிலிலிருந்து முழு மனிதராகத் திரும்பி வருவதே ஒரு வெற்றி என்று தோன்றுகின்றது.

மீண்டும் இஷிமட்சுவுக்கு வருவோம். காலஞ் செல்லச் செல்லத் தொலைக்காட்சி அவரை இன்னொரு வேடத்துக்கும் இழுத்தது. வினாவிடை நிகழ்ச்சிகளிலும் உரையாடல் நிகழ்ச்சிகளிலும் அவர் சொல்லும் தவறான விடைகளுக்காக மக்கள் சிரித்தனர். அவர் சொன்னவையும் சொல்லாதவையுமாகப் பல கதைகள் கிளம்பின. 2000ஆம் ஆண்டுகளிலே அக்கதைகளைத் தொகுத்துப் பேசுவதே ஒரு பொழுதுபோக்காயிற்று. "சூரியன் எந்தப் பக்கத்தில் உதிக்கும்?" என்று கேட்டதற்கு, "வலப்பக்கம்" என்றாராம். இது அவரைப் பற்றி வழங்கும் கதை. 1996ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலிலே லிபரல் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளராக டோக்கியோவிலே போட்டியிட்டுத் தோற்றார். அந்தத் தோல்வியும் கணக்கிலே சேர்ந்தது. உலக வீரர் கோமாளியாகிவிட்டார் என்று வருந்தியவர்களும் இருந்திருப்பார்கள். முதலிலே நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பிறகு தொல்காப்பியத்தைத் திறந்தேன். எட்டு மெய்ப்பாடுகளிலே முதலிலே வைக்கப்பட்டது நகை. அது பிறக்கும் இடங்கள் நான்கு: எள்ளல், இளமை, பேதைமை, மடன். ஆறாவதாக வைக்கப்பட்டது பெருமிதம். அதற்கும் நான்கு: கல்வி, தறுகண், இசைமை, கொடை. இந்தத் தறுகண் என்பதுதான் அஞ்சாமை. எங்கள் பேச்சிலே ஓர்மம். ஜப்பானியர் வாயிலே 'கட்ஸ்'. ஆக, நம் மனிதரின் பெயரிலேயே இரண்டு மெய்ப்பாடுகள் இருக்கின்றன. 'கட்ஸ்' என்பது பெருமிதத்தின் பாற்பட்டது. 'இஷிமட்சு' என்ற மடையனின் பெயர் நகையின் பாற்பட்டது. இவ்விரண்டும் ஒரே ஆளிலே எப்படி ஒன்றாயிருக்கும்?

உரையாசிரியர் பேராசிரியர் ஒரு நுட்பஞ் சொல்கின்றார். எள்ளல் இருவகைப்படும். ஒருவன் பிறரை இகழ்ந்து சிரிப்பது ஒன்று. பிறர் தன்னை இகழும்போது தான் சிரிப்பது மற்றொன்று. முதலாவது வகைக்குத் துணிவு தேவையில்லை. அதனை எவரும் செய்வர். இரண்டாவது வகைக்குத்தான் தறுகண் வேண்டும். ஆயிரக்கணக்கானோர் பார்த்திருக்க, "இவன் மடையன்" என்று சொல்லி அவர்கள் சிரிக்க, அதனைத் தாங்கித் தானுஞ் சேர்ந்து சிரிப்பதற்கு டுரானின் குத்தைத் தாங்குவதைவிடக் குறைந்த ஓர்மம் போதாது. சூரியன் வலப்பக்கம் உதிக்கும் என்று அவர் சொல்லியிருந்தாற்கூட என்ன? அந்த மனிதருடைய சூரியன் 1974 ஏப்ரலிலே வலப்பக்கத்திலிருந்துதானே உதித்தது!

நேயர்களே, இதுவரை சொன்னது தூரத்து மனிதர் ஒருவரின் கதை. இனிச் சொல்லப்போவது என்னுடைய கதை. ஆசிரியத் தொழிலுக்கு வந்த புதிதிலே என் வகுப்பிலே ஒரு மாணவன் இருந்தான். கெட்டிக்காரன் என்று சொல்வதற்கில்லை. மோசம் என்றுஞ் சொல்ல முடியாது. கட்டுரை எழுதச் சொன்னால் அழகாகத் தொடங்குவான். ஒரு பக்கத்தோடு பேனையை வைத்துவிடுவான். பரீட்சை மண்டபத்திலே பாதி நேரத்தில் எழும்பிவிடுவான். ஒருநாள் அவனுடைய கொப்பியை உயர்த்திப் பிடித்து, "இவர்தான் எங்கட அரைவாசி" என்று வகுப்புக்குக் காட்டினேன். வகுப்புச் சிரித்தது. அவனும் சிரித்தான். அன்றிலிருந்து அவனுக்கு அரைவாசி என்பதே பெயராயிற்று. நான் அதனை மறந்துபோனேன். பெயர் வைப்பவர் மறந்துவிடுவார். சுமப்பவருக்கு அது முடியாது.

பல வருடங்களின் பின் அவனைக் கண்டேன். தன் மகளைப் பள்ளிக்கூடத்திலே சேர்க்க வந்திருந்தான். சொந்தமாக ஒரு தொழில் நடத்துகின்றான். நல்ல நிலையிலே இருந்தான். பேசிக்கொண்டு நிற்கும்போது அவனுடைய வகுப்புத் தோழன் ஒருவன் தூரத்திலிருந்தே, "டேய் அரைவாசி!" என்று கூப்பிட்டான். அந்தச் சிறு பெண் தகப்பனை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏன் அப்பா, உங்களை அரைவாசி எண்டு கூப்பிடினம்?"

அவன் என்னை ஒரு கணம் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அது பள்ளிக்கூடத்தில வந்த பேர், பிள்ளை. அப்ப எல்லாருக்கும் ஒரு பேர் இருந்தது" என்று சொல்லிச் சிரித்தான். பிறகு, "இவர்தான் எனக்குத் தமிழ் படிப்பிச்ச சேர். கும்பிடு" என்றான்.

பெயரை வைத்தவர் யாரென்று அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அது நியாயமே. ஒரு கணத்திலே என்னை வீழ்த்தும் குத்து அவன் கையிலே இருந்தது. அவன் கையை இறக்கிக்கொண்டான். அன்றைக்கு அந்தப் பள்ளிக்கூட வாசலிலே தறுகண் யாரிடம் இருந்தது, யாரிடம் இருக்கவில்லை என்பதை நான் விளக்கவேண்டியதில்லை. பெருமிதத்தின் நான்கு இடங்களிலே கல்வி என்னிடம் இருந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மற்றைய மூன்றும் அவனிடம் இருந்தன.

பயிற்சிக்கூடத்திலே பெயர் வைத்தவர்களுக்கும் எனக்கும் ஒரு வேறுபாடு உண்டு. இல்லாத ஒன்று வரவேண்டும் என்று அவர்கள் பெயர் வைத்தார்கள். இல்லை என்பதைச் சுட்டிக்காட்டி நான் பெயர் வைத்தேன். இரண்டும் ஒரே குறையைக் கண்டு பிறந்த பெயர்கள்தாம். ஒன்று ஏறுவதற்குப் படியாயிற்று. மற்றது தலைக்குமேலே சுமையாயிற்று. சுமையோடும் அவன் ஏறினான் என்றால் அந்தப் புகழ் அவனுக்கே உரியது. எனக்கு அதிலே பங்கில்லை.

அறுபதைத் தாண்டிய பின்னரும் இஷிமட்சு தொலைக்காட்சியிலே தோன்றி மக்களைச் சிரிக்கவைத்தார். நடுவழியிலே விட்டுவிடுபவர் என்று இளமையிலே பெயர்பெற்றவர், நடிப்பென்னும் இரண்டாவது தொழிலிலே முதலாவதிலே நின்றதைவிட மூன்று மடங்கு காலம் நின்றார். இதனைத்தான் என் மாணவருக்கு இப்போது சொல்கின்றேன். மெய்ப்பாட்டியலைப் படிப்பிக்கும்போது பெருமிதத்துக்கு உதாரணமாகப் போர்க்களத்து மறவர்களை மட்டும் காட்டுவதை விட்டுவிட்டேன். எள்ளலைத் தாங்கி நின்றவர்களையும் அந்த வரிசையிலே சேர்க்கின்றேன். கொப்பி திருத்தும்போது ஒரு பக்கத்தோடு நின்றுபோன கட்டுரை கண்ணிலே பட்டால், அதன் கீழே "மிச்சத்தை வாசிக்க ஆவலாயிருக்கிறேன்" என்று சிவப்பு மையிலே எழுதுகின்றேன். சிலர் எழுதிக்கொண்டு வருகின்றார்கள். சிலர் வருவதில்லை. அவர்களுக்கும் வேறெங்கோ ஒரு வலப்பக்கம் இருக்கும். அங்கே சூரியன் உதிக்கும்.